ஈஜிஆர் வால்வு நிஜமாவே கெட்டுப்போச்சா? தகடு அடிக்கும் முன் எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

பழைய டீசல் காரில் கறுப்புப் புகை வருகிறது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் லைட் எரிகிறது. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே போதும், பட்டறையில் முதல் பேச்சு, "ஈஜிஆர் போச்சுங்க." அடுத்த பேச்சு, "புதுசு போட்டா பல ஆயிரம் ஆகும். தகடு வெட்டி அடைச்சு விட்டுடறேன், சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும்." அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் புகை குறைந்திருக்கும். வண்டிக்காரருக்கும் திருப்தி, மெக்கானிக்குக்கும் திருப்தி.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அடைத்தபின் புகை குறைந்தது என்பது, வால்வு கெட்டிருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. நல்ல நிலையில் வேலை செய்கிற ஈஜிஆரை அடைத்தாலும் புகை குறையும். அது ஏன், அப்படியானால் வால்வு கெட்டிருக்கிறதா இல்லையா என்று வேறு எப்படிக் கண்டுபிடிப்பது, இரண்டையும் பார்ப்போம்.

யாருக்கு இது முக்கியம்?

தேசூர் ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தில் இருக்கிற ஊர். நூல் வருவதும் நெய்த சேலை போவதும் ஆரணி, வந்தவாசி, காஞ்சிபுரம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரி ஊர்களில் ஓடுகிற டீசல் கார்களில் நிறைய செகண்ட் ஹேண்ட். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கும்வரை பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருந்தது. அந்தக் காலத்தில் மளமளவென்று விற்ற டீசல் கார்கள்தான் இன்றைக்கு இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி நம் தெருவுக்கு வந்திருக்கின்றன. 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலும் அதற்குப் பின் வந்த டிசையரும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டிலும் ஒரே 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின்.

வண்டியின் மதிப்பே ஓரிரு லட்சம் என்றால், அதில் பல ஆயிரம் ரூபாய்க்கு வால்வு மாற்றுவது சின்ன விஷயமில்லை. மாற்றின பிறகும் புகை அப்படியே இருந்தால்? அந்தப் பணம் போனதுதான். ஆகவே முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும்.

ஈஜிஆர் என்ன வேலை செய்கிறது?

எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன் என்பதன் சுருக்கம்தான் ஈஜிஆர். சைலன்சர் பக்கம் போகவேண்டிய புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றோடு கலந்துவிடுகிற ஏற்பாடு. எவ்வளவு கலக்கலாம் என்று முடிவு பண்ணுகிற கதவுதான் அந்த வால்வு.

எரிஞ்ச புகையை எதுக்குங்க மறுபடி உள்ள விடணும்? காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராது. ஆனால் சிலிண்டருக்குள் சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப் போக, நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வேகமாக உருவாகும். எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம், அவை சூட்டை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும். அதனால் உச்ச வெப்பம் இறங்கும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் பரவலான இந்த ஏற்பாடு, நம் ஊரில் பாரத் ஸ்டேஜ் விதிகள் இறுக இறுக டீசல் கார்களில் தவிர்க்க முடியாததாகிவிட்டது. டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பிஎஸ் 3-ல் கிலோமீட்டருக்கு 0.50 கிராம், பிஎஸ் 4-ல் 0.25, பிஎஸ் 6-ல் 0.08. இப்படி இறங்கி வந்ததில் ஈஜிஆருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஆக்சிஜன் குறைகிறதால் கரி கொஞ்சம் கூடும். அதாவது டீசல் இன்ஜினில் ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்பும். ஈஜிஆர் திறந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி ஏறும். மூடினால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரியும். நைட்ரஜன் ஆக்சைடு சைலன்சர் வாயில் கண்ணுக்குத் தெரியாது. தகடு அடித்ததும் "சரியாயிடுச்சு" என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

எது கெட்டாலும் ஈஜிஆர் மேலேதான் பழி

ஈஜிஆர் சரியாக இருந்தும் பழி அதன்மேல் விழுகிற ஒரு வழக்கத்தைப் பார்ப்போம். டர்போவில் இருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் ஓஸில் ஒரு சின்ன வெடிப்பு. ஐடிலில் ஒன்றும் தெரியாது. மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது அழுத்தம் ஏறி, காற்று அந்த வெடிப்பு வழியாக வெளியே போய்விடும். ஏர் ஃப்ளோ சென்சார் ஏர் ஃபில்டரை அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிப் போன காற்றை அது கணக்கில் எழுதிவிட்டது. அந்தக் காற்று சிலிண்டருக்கு வந்து சேரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை நம்பி டீசல் விடுகிறது. காற்று குறைவு, டீசல் அதிகம், கறுப்புப் புகை. இது பாதிதான். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ஈஜிஆரை எவ்வளவு திறக்கலாம் என்று பார்ப்பதும் இதே சென்சாரின் கணக்கை வைத்துத்தான். "புதுக் காற்று எதிர்பார்த்ததைவிட அதிகமா வருதே" என்று நினைத்து வால்வை இன்னும் கொஞ்சம் திறக்கும். புகை இன்னும் கூடும். இந்த நிலையில் தகடு அடித்தால் புகை நன்றாகவே குறையும். ஆனால் கெட்டது வால்வு இல்லை, ஓஸ். வெடிப்பு அப்படியே இருக்கும், பிக்கப்பும் முழுசாகத் திரும்பாது.

அடைத்துப் போன ஏர் ஃபில்டர், அழுக்கு பிடித்த ஏர் ஃப்ளோ சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர் எல்லாமே இதே மாதிரி முகத்தைக் காட்டும்.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் தெரிஞ்சிடுமே என்பீர்கள். கோடு உதவும், ஆனால் அது தீர்ப்பு இல்லை. பி 0401 என்றால் ஈஜிஆர் ஓட்டம் குறைவு. பி 0402 என்றால் ஓட்டம் அதிகம். பி 0403 என்றால் வால்வின் மின் இணைப்பில் கோளாறு. பி 0404 என்றால் சொன்ன அளவுக்கும் நகர்ந்த அளவுக்கும் பொருந்தவில்லை. இதில் முதல் இரண்டும் பல வண்டிகளில் ஏர் ஃப்ளோ சென்சார் சொல்வதை வைத்துப் போட்ட கணக்கு. சென்சார் தப்பாகச் சொன்னால் கோடும் தப்பாக வரும்.

மூன்று அளவுகள்

வால்வு கெட்டிருந்தால் ஒரு விடை, நன்றாக இருந்தால் வேறு விடை என்று பிரித்துக் காட்டினால்தான் அது சோதனை. தகடு அடிப்பது இரண்டுக்கும் ஒரே விடையைத் தருகிறது. அதனால் அதை மட்டும் தனியாகச் செய்து பயனில்லை. கூட இன்னும் இரண்டு அளவுகளைச் சேர்த்தால் அதே தகடு உருப்படியான சோதனையாகிவிடும்.

தேவையானது, போனில் பார்க்கிற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4 கார்களில் இது பெரும்பாலும் ஒத்துழைக்கும். அதற்கு முந்தைய வண்டி என்றால் பட்டறையில் இருக்கிற ஸ்கேனர் தேவைப்படலாம்.

முதலில் பழைய கோடுகளை அழியுங்கள். ஏற்கெனவே கோடு பதிந்திருந்தால் கம்ப்யூட்டரே ஈஜிஆரை மூடி வைத்திருக்கலாம், அளவு ஏமாற்றும். இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏசி, ஹெட்லைட் நிறுத்துங்கள். ஐடிலில் விட்டு முதல் ஒரு நிமிடத்துக்குள் ஏர் ஃப்ளோ அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் ஐடிலில் நின்றால் சில வண்டிகள் தானாகவே ஈஜிஆரை மூடிவிடும்.

முதல் அளவு: எல்லாம் மாட்டியபடி, சாதாரணமாக.

இரண்டாம் அளவு: இக்னிஷனை அணைத்து, ஈஜிஆர் வால்வின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து. கரண்ட் இல்லாவிட்டால் பெரும்பாலான வால்வுகள் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும். செக் லைட் எரியும், பயப்பட வேண்டாம், பிறகு அழித்துவிடலாம்.

மூன்றாம் அளவு: கேஸ்கெட் இருக்கிற இடத்தில் தற்காலிகமாகத் தகடு வைத்து, வழியை முழுசாக அடைத்து. இதை இன்ஜின் ஆறிய பிறகு மாட்டி, மறுபடி சூடாக்கி எடுக்க வேண்டும். சூட்டோடு போல்ட்டில் கை வைக்காதீர்கள்.

எவ்வளவு வரவேண்டும் என்று கையாலேயே கணக்குப் போடலாம். 1248 சிசி, நாலு சிலிண்டர், ஆக ஒரு சிலிண்டர் 312 சிசி. 35 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். சிலிண்டர் முழுசாக நிறைந்தால் 360 மில்லிகிராம். நடைமுறையில் முழுசாக நிறையாது, 310 பக்கம் வைத்துக்கொள்வோம். 800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 1600 முறை உறிஞ்சும், விநாடிக்கு 26.7 முறை. பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 8.3 கிராம். ஈஜிஆர் மூடியிருக்கும்போது ஐடிலில் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவேண்டும். திறந்திருந்தால், புகை இடம் பிடித்துக்கொள்கிறதால் புதுக் காற்று தெளிவாகக் குறையும். உங்கள் வண்டியின் சிசியையும் ஐடில் வேகத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

இனி விடை.

முதல் அளவு குறைவு, இரண்டாவதும் மூன்றாவதும் முழுசு: வால்வு திறக்கிறது, மூடவும் செய்கிறது. அது நல்லா இருக்குங்க. புகைக்கு வேறு காரணம் தேடுங்கள். ஓஸ், இன்டர்கூலர், இன்ஜெக்டர் என்று போங்கள்.

முதலும் இரண்டாவதும் குறைவு, மூன்றாவது மட்டும் முழுசு: கனெக்டரைக் கழற்றியும் வால்வு மூடவில்லை. கரி பிடித்துத் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. இதுதான் நிஜமான ஈஜிஆர் கோளாறு. ஐடில் ஆடும், சில சமயம் வண்டி நின்றுபோகும், மிதித்தால் புகை வரும்.

மூன்றுமே முழுசு: வால்வு திறக்கவே இல்லை, அல்லது வழியே கரியால் அடைத்திருக்கிறது, அல்லது யாரோ முன்னாலேயே தகடு அடித்துவிட்டார்கள். இந்த வண்டி புகை விடுகிறது என்றால் அதற்கும் ஈஜிஆருக்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றுமே குறைவு: ஏர் ஃபில்டரையும் ஏர் ஃப்ளோ சென்சாரையும் முதலில் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் சேலை எடுத்துப்போக வைத்திருக்கிற ஒரு அண்ணன் வண்டியில் இப்படிப் பார்த்தோம். வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்த வண்டி. அளவுகள் 5.2, 8.1, 8.2 என்று வந்தன. முதல் வகை, வால்வில் குறையில்லை. டர்போ ஓஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் கிளாம்ப் ஓரத்தில் வெடிப்பு, சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. ஓஸ் மாற்றியதும் புகையும் நின்றது, இழுவையும் வந்தது. "தறியில ஒரு இழை அறுந்தா முடிச்சு போடுவோம், பாவையே மாத்துவோமா" என்றார் அண்ணன்.

இன்னும் பழைய வண்டிகளில் வால்வு கரண்டில் இல்லாமல் வேக்குவத்தில் திறக்கும். அதில் வேக்குவம் ஓஸைக் கழற்றி அதன் வாயை அடைப்பதுதான் இரண்டாம் அளவு. கூடவே ஒரு பெரிய சிரிஞ்சை ரப்பர் குழாயோடு வால்வில் செருகி, ஐடிலில் இழுத்துப் பாருங்கள். இழுத்த இழுப்பு நிற்காவிட்டால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இழுப்பு நின்று, இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் காருக்கு மேலே சொன்ன எண் கணக்கு பொருந்தாது, அதில் காற்றைத் த்ராட்டில் கட்டுப்படுத்துகிறது. அங்கே திறந்தபடி மாட்டினால் ஐடில் ஆடும், மூடியபடி மாட்டினால் இழுக்கும்போது தட்டும் சத்தம் வரும்.

கெட்டிருந்தால் என்ன செய்வது?

திறந்தபடி மாட்டிய வால்வு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பல வால்வுகள் சுத்தம் செய்தாலே பிழைத்துக்கொள்ளும். கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் கரியை எடுங்கள். மோட்டார் இருக்கிற பக்கம் ஈரம் படக்கூடாது. ஸ்க்ரூட்ரைவர் விட்டு நெம்பக்கூடாது. புது கேஸ்கெட் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கிற டீசல் இன்ஜினின் காற்று வழியில் கிளீனரை அடிக்கவே அடிக்காதீர்கள். அது தீப்பற்றுகிற திரவம், இன்ஜின் கட்டுப்பாடு இல்லாமல் ஏறிவிடும்.

மாட்டிய பிறகு முதல் இரண்டு அளவுகளை மறுபடி எடுங்கள். சரியாக வந்தால் முடிந்தது. வரவில்லை என்றால்தான் புது வால்வு. கூலன்ட் அடிக்கடி குறைந்து வெள்ளைப் புகையும் வந்தால் ஈஜிஆர் கூலர் ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கரி ஏன் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள். இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்திவிடுகிற சின்னச் சின்ன ஓட்டம், ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுவது, டர்போவில் இருந்தும் பிரீதர் வழியாகவும் வருகிற எண்ணெய் ஆவி. கரியும் எண்ணெயும் சேர்ந்தால் தார் மாதிரி ஆகும். வாரத்தில் ஒரு தடவையாவது இன்ஜின் முழுச் சூட்டில் அரை மணி நேரம் ஓடட்டும்.

அடைச்சா என்னங்க தப்பு?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தகடு அடிப்பதால் இன்ஜின் உடனே கெட்டுப்போகாது. காற்று வழியில் கரி சேர்வது நின்றுவிடும். மெக்கானிக் அண்ணன் பொய் சொல்லவில்லை, வண்டிக்காரருக்கு லாபம் உண்மைதான்.

நட்டம் வேறு ஆளுக்கு. அடைத்த வண்டி விடுகிற கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு மூச்சுக் குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் கூடுதல் தொந்தரவு. வெயிலில் அது தரைமட்ட ஓசோன் உருவாகவும் காரணமாகும். நெசவுத் தெருக்களில் வீடும் தறியும் ஒன்றுதான். வாசல் திறந்தபடி காலை முதல் மாலை வரை உட்கார்ந்து நெய்கிறவர் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறார்.

புகைச் சான்றிதழ் இதைப் பிடிக்காதா? பிடிக்காது. டீசல் காருக்கு எடுக்கிற சோதனையில் ஆக்சிலேட்டரை மிதித்து, புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. தகடு அடித்த வண்டி அதில் இன்னும் நல்ல மார்க் வாங்கும். பட்டறையின் சோதனை, அரசாங்கச் சோதனை, இரண்டுக்கும் ஒரே கண்தான்.

உலக அளவில் நடந்த ஒரு விவகாரமும் இதே குடும்பம். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியும் ரோட்டில் ஒரு மாதிரியும் நடந்துகொண்டது வெளியே வந்தது. அதில் ஐரோப்பாவில் விற்ற ஈஏ 189 இன்ஜினின் மென்பொருள் சோதனை என்று தெரிந்தால் ஈஜிஆரை அதிகம் திறக்கும், ரோட்டில் குறைத்துவிடும். உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகள். இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைத்தார்கள். அவர்கள் மென்பொருளில் செய்ததைத்தான் நாம் தகரத் தகட்டால் செய்கிறோம். சட்டமும் சும்மா விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ், காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு

டீசல் கார் பார்க்கப் போகும்போது ஸ்கேனரைக் கையோடு கொண்டுபோங்கள். சூடான இன்ஜினில் முதல் இரண்டு அளவுகளை எடுக்க ஐந்து நிமிடம் போதும். இரண்டும் ஒன்றாக, முழுசாக வந்தால் ஈஜிஆர் கேஸ்கெட் இருக்கிற இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் ஓரம் பெரும்பாலும் வெளியே தெரியும். தெரிந்தால் "ஏன் அடைச்சீங்க?" என்று கேளுங்கள். வால்வு மாட்டிக்கொண்டிருந்ததா, அல்லது வேறு ஏதோ கோளாறை அந்தத் தகடு மறைத்துக்கொண்டிருக்கிறதா என்பது விலை பேசுவதற்கு முன் தெரிய வேண்டிய விஷயம்.

ஏற்கெனவே உங்கள் வண்டியில் தகடு இருந்தால், அதைக் கழற்றிவிட்டு மூன்று அளவையும் எடுத்து வண்டி நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை புகை வரும்போது எதை மாற்றுவது என்று அந்த எண்களை வைத்து முடிவு செய்யலாம்.